தொகுத்துச் சுட்டல்: புள்ளியியற் கணிப்பொறி மொழிகளில் மாறிகளைக் குறிக்கும் முறை

நன்னூலார் கூறும் உத்தி 32 அனுள் தொகுத்துச் சுட்டல் ஒன்று. அதனை அடுத்து நிற்பது வகுத்துக் காட்டல். பலவாகிய பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணாது ஒரு சொல்லால் அடக்கிக் குறித்தலும், வேண்டுமிடத்து அவற்றை விரித்துக் கூறலும் நூல் செய்வார்க்கு இன்றியமையாதன. மெய் பதினெட்டனையும் விதிதோறும் பெயர் கூறி அடுக்கின் கூறியது கூறல் என்னும் குற்றம் நேரும். அவற்றை மெய் என ஒரு பெயரால் சுட்டின் நூல் சுருங்கும். இவ்விடர்ப்பாடு இலக்கண நூலார்க்கு மட்டும் உரியதன்று. எண்களைக் கொண்டு ஆராயும் புள்ளியியலார் கணிப்பொறிக்குக் கட்டளை எழுதும்போதும் இதே இடர்ப்பாடு எழுகின்றது. அவர்கள் கண்ட தீர்வுகள் நம் இலக்கண மரபின் தீர்வுகளோடு ஒருங்கு வைத்து நோக்கத்தக்கன. தமிழ் மாணவர்க்கு இதனாற் பயன் என்னை எனின், வட்டார வழக்கு ஆய்வும் சொல்லடைவும் செய்யும் முதுகலை மாணவர் பலர் இன்று இக்கருவிகளையே கையாளுகின்றனர். இவற்றால் விளையும் பிழைகளுட் சில கண்ணுக்குப் புலப்படாமலே ஆய்வின் முடிபை மாற்றிவிடும் இயல்பின.

எடுத்துக்காட்டாக ஒரு தரவு அட்டவணையைக் கொள்வோம். நீலகிரி மாவட்டத்தில் உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என வட்டங்கள் ஆறு. வட்டந்தோறும் திங்களுக்கு ஒரு மழையளவு எழுதினால் ஓர் ஆண்டிற்கு 72 பத்திகள் வரும். ஆண்டு ஒரு வரிசையாகவும் வட்டமும் திங்களும் பத்தியாகவும் அமைய, ஒவ்வொரு பத்தியையும் புள்ளியியலார் மாறி என்பர். வரிசைக்கு வரிசை மதிப்பு மாறுதலின் அப்பெயர். ஒரு வட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் பன்னிரு மாறிகளுக்கு மழை1, மழை2 எனத் தொடங்கி மழை12 ஈறாகப் பெயரிடுவோம். (இம்மொழிகளுட் சில இலத்தீன் எழுத்தாலாகிய பெயரையே வேண்டும், விளக்கத்தின் பொருட்டு ஈண்டுத் தமிழ்ப் பெயர் தருகின்றோம்.)

நீலகிரியின் மழை ஒரு தன்மையதன்று. மேற்கே கூடலூர், பந்தலூர்ப் பகுதிகள் சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றால் மிகுதியும் நனைவன. கிழக்குச் சரிவில் உள்ள குன்னூரும் கோத்தகிரியும் அக்டோபர் முதல் திசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்தால் பெரிதும் மழை பெறுவன. ஆகவே இம்மலையின் மழையை ஆராய்வார் 'ஆறு முதல் ஒன்பது வரை', 'பத்து முதல் பன்னிரண்டு வரை' எனத் திங்கள்களைத் தொகுத்துத் தொகுத்துச் சுட்ட வேண்டியவராவர். இந்த 'முதல்', 'வரை' என்னும் இரு சொற்களில்தான் சிக்கல் முழுதும் அடங்கியுள்ளது.

தேயிலைத் தோட்டங்களில் காடுகளை எண்ணிட்டு அழைப்பர். ஒரு மேஸ்திரி, '5 முதல் 8 வரை உள்ள காடுகளில் கொழுந்து எடுக்க வேண்டும்' எனக் கூறினார் என்க. எண் முறையாகக் கொண்டால் 5, 6, 7, 8 ஆகிய நான்கு காடுகளே அவர் கருதியவை. ஆயின், 5ஆம் காட்டிற்கும் 6ஆம் காட்டிற்கும் இடையே பிற்காலத்தில் புதிதாகக் கன்று நட்டு அதற்கு 14 என எண்ணிட்டிருப்பின், பாதை வழியே செல்லும் புதிய ஆள் அதனையும் இடையில் உள்ளதாகக் கொள்ளக்கூடும். 'முதல்-வரை' என்பது எண்ணின் வரிசையைக் குறிக்கின்றதா, கிடக்கையின் வரிசையைக் குறிக்கின்றதா என்பது வினா. தோட்டத்தில் பழகியவர்க்கு இதில் ஐயம் தோன்றாது. பொறிக்கு யாராவது முன்னரே வரையறுத்துக் கூறியாக வேண்டும்.

அவ்வரையறை மொழிக்கு மொழி வேறுபடுகின்றது. எஸ்.ஏ.எஸ். என்னும் மொழி 1966 முதல் அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேளாண் ஆய்வுத் தரவுகளைப் பகுத்து நோக்கும் பொருட்டு உருவாகி, 1976இல் தனி நிறுவனமாயிற்று. கட்டளைகளை 80 பத்தி கொண்ட துளை அட்டைகளில் எழுதிய காலம் அது. சுருக்கம் அன்று அழகிற்காக அன்று, இடத்திற்காக வேண்டப்பட்டது. அம்மொழியில் இரு பெயர்களுக்கு இடையே ஒற்றைச் சிறுகோடு இட்டால் எண் வரிசை: மழை6-மழை9 என்பது, அப்பத்திகள் அட்டவணையில் எங்குக் கிடப்பினும், 6, 7, 8, 9 என்னும் ஈற்றெண் உடைய நான்கினையே குறிக்கும். இரட்டைச் சிறுகோடு இட்டால் கிடக்கை வரிசை: முதற் பத்தியிலிருந்து இறுதிப் பத்தி வரை இடையிற் கிடக்கும் அனைத்தையும், பெயர் எதுவாயினும், அது வாரிக்கொள்ளும். 1985இல் வெளிவந்த ஸ்டேட்டா மொழியிலோ ஒற்றைச் சிறுகோடே கிடக்கை வரிசையைக் குறிப்பது. 1968இல் ஸ்டான்ஃபோர்டில் தோன்றிய எஸ்.பி.எஸ்.எஸ். மொழியில் 'டூ' என்னும் ஆங்கிலச் சொல் அப்பணியைச் செய்கின்றது. முன்னரே உள்ள மாறிகளைச் சுட்டுமிடத்துக் கிடக்கை வரிசையாகவும், புதியன படைக்குமிடத்து எண் வரிசையாகவும் பொருள்படும். ஒரு சொல் இடம் நோக்கி இருபொருள் தருகின்றது.

முக்காற்புள்ளியின் நிலையும் இதுவே. எஸ்.ஏ.எஸ். மொழியில் ஒரு பெயரின் ஈற்றில் முக்காற்புள்ளி வந்தால் 'இவ்வாறு தொடங்குவன எல்லாம்' என்று பொருள். ஆர் மொழியில், 2014இல் வெளியிடப்பெற்ற டிப்ளையர் என்னும் தொகுதியைக் கொண்டு பத்திகளைத் தெரிவு செய்யுங்கால், இரு பெயர்க்கிடையே நிற்கும் முக்காற்புள்ளி கிடக்கை வரிசையைக் காட்டும். ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும் மாணவன் குறியை அறிந்தவனாகவும் பொருளை அறியாதவனாகவும் இருத்தல் கூடும். பொறியும் அவனைத் தடுக்காது. இரண்டும் இரு மொழியிலும் வழுவற்ற தொடர்களே அல்லவா?

கிடக்கை வரிசையின் இடர்ப்பாடு, அட்டவணையை யாரேனும் அகர வரிசைப்படுத்திய பின்னரே வெளிப்படும். எழுத்து நோக்கி வரிசைப்படுத்தும் பொறி மழை1 என்பதற்குப் பின் மழை2 என்பதை வையாது. மழை1, மழை10, மழை11, மழை12, மழை2, மழை3 எனவே வைக்கும். இந்நிலையில் ஸ்டேட்டாவில் மழை1-மழை3 எனச் சுட்டுவோமாயின் சனவரி, பிப்ரவரி, மார்ச்சு ஆகிய மூன்றோடு அக்டோபர், நவம்பர், திசம்பர் ஆகியவும் புகும். குன்னூரின் வறண்ட மூன்று திங்கள்கள் அவ்வூரின் பெருமழைத் திங்கள்களோடு கலந்து, முன்பனிக்கால மழை என்னும் பெயரில் ஒரு பேரளவு வந்து நிற்கும். இஃது இலக்கண நூலார் கூறும் மிகைபடக் கூறல். மழை9-மழை12 எனச் சுட்டினாலோ, தொடக்கம் ஈற்றுக்குப் பின்னர்க் கிடத்தலின், மாறிகள் முறை மாறி நின்றன எனக் கூறிப் பொறி நின்றுவிடும். நின்றுவிடும் பிழை நல்ல பிழை. அஞ்சத்தக்கது நில்லாமற் செல்லும் பிழையே. மழை01, மழை02 என ஈரிலக்கமாகப் பெயரிட்டிருப்பின் எண் வரிசையும் எழுத்து வரிசையும் ஒன்றாகி இத்தொல்லை முற்றும் ஒழியும்.

இனி, நம் எழுத்து முறையை நோக்குவாம். எழுத்துகளை ஓர் ஒழுங்கில் நிறுத்தி, முதலும் ஈறும் கூறி இடைப்பட்டனவற்றைக் கொள்ளவைக்கும் முறை தொல்காப்பியருக்கு நன்கு தெரிந்ததே. அகரத்தையும் னகரத்தையும் எல்லையாக வைத்து முப்பதெழுத்தை அவர் சுட்டுகின்றார். ஆயினும், மெய்யின் உள்வகைகளைச் சுட்டுமிடத்து அவர் அம்முறையைக் கைக்கொள்ளாமல் வல்லெழுத்து, மெல்லெழுத்து, இடையெழுத்து என இனப்பெயர் இடுகின்றார். அதற்குரிய காரணம் வைப்பு முறையிலேயே காணக்கிடக்கின்றது. ககரம் முதல் னகரம் வரை மெய்களை எண்ணிப் பார்ப்பின், வல்லினம் 1, 3, 5, 7, 9, 17 ஆகிய இடங்களிலும், மெல்லினம் 2, 4, 6, 8, 10, 18 ஆகிய இடங்களிலும் நிற்கும். இடையினம் மட்டும் 11 முதல் 16 வரை ஒரு தொடராக அமைந்துள்ளது. ஆகவே யகரம் முதல் ளகரம் வரை என்று கூறி இடையினத்தைப் பெறலாம். அவ்வாறு எல்லை கூறி வல்லினத்தையோ மெல்லினத்தையோ பெறுதல் இயலாது. வல்லெழுத்தும் அதன் இன மெல்லெழுத்தும் அடுத்தடுத்து நிற்கும் அழகைக் காக்க விரும்பின், இனத்திற்குத் தனிப்பெயர் வேண்டும். தமிழ் நெடுங்கணக்கில் கிடக்கை ஒன்றைக் காட்டுகின்றது; பெயர் மற்றொன்றைக் காட்டுகின்றது.

பாணினி வேறு வழி கண்டார். வடமொழி எழுத்துகளைப் பதினான்கு சிறு சூத்திரங்களாக நிறுத்தி, ஒவ்வொன்றன் ஈற்றிலும் ஓர் அடையாள மெய்யை வைத்தார். ஓர் எழுத்தையும் அதற்குப் பின்வரும் ஓர் அடையாளத்தையும் சேர்த்துக் கூறினால் இடையிலுள்ள எழுத்துகள் எல்லாம் அகப்படும். 'அச்' என்றால் உயிர்கள். 'ஹல்' என்றால் மெய்கள். இஃது இரட்டைச் சிறுகோட்டின் நெறியே. சுட்ட வேண்டிய தொகுதிகளெல்லாம் தொடர்ச்சியாக அமையுமாறு எழுத்துகளின் வரிசையையே அவர் மாற்றி அமைத்தார் என்பதே ஈண்டு வியக்கத்தக்கது. ஆயினும் ணகரம் முதற் சூத்திரத்தின் ஈற்றிலும் ஆறாம் சூத்திரத்தின் ஈற்றிலும் அடையாளமாக இருமுறை வருகின்றது. ஆகவே 'அண்' என்பது அ, இ, உ என்னும் மூன்றனை மட்டும் குறிக்கின்றதா, உயிர் அனைத்தையும் அவற்றின்மேல் ஹ, ய, வ, ர, ல என்பனவற்றையும் குறிக்கின்றதா என்னும் ஐயம் பிறந்தது. ஒரே ஓரிடத்தில் மட்டும் அது பெருந்தொகுதியைக் குறிக்கும், ஏனை இடங்களிற் சிறுதொகுதியையே குறிக்கும் என உரை மரபு தீர்த்தது.

தொல்காப்பியத்திற்கு இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் உளர். பாணினியத்திற்குப் பதஞ்சலி உளர். மயங்க வைத்த இடத்தும் உரையாசிரியன் வந்து மயக்கம் தீர்ப்பான். எஸ்.ஏ.எஸ். நிரலுக்கு உரையாசிரியன் இல்லை. எழுதியவன் கருத்தை ஆராய்ந்து பொருள் கொள்ளும் வழக்கம் பொறியிடத்து இல்லாமையின், நம் மரபில் உரை செய்த வேலையை இங்கே பெயரிடுதலும் முன்வரையறையும் செய்ய வேண்டும்.

நெடுங்கணக்கின் வைப்புமுறை பற்றிய இச்செய்தி பழங்கதை அன்று. கணிப்பொறியில் தமிழெழுத்துகளுக்கு யூனிகோடு வழங்கியுள்ள எண்கள் நம் நெடுங்கணக்கின் வரிசையில் இல்லை. அதில் நகரத்தை அடுத்து னகரம். ரகரத்தை அடுத்து றகரம். லகரத்தை அடுத்து ள, ழ, பின்னர் வகரம். சகரத்திற்கும் ஞகரத்திற்கும் இடையே ஜகரமும் உண்டு. பெரும்பாலான தேடற்கருவிகளில் சதுர அடைப்பிற்குள் இரண்டெழுத்தை இட்டு இடையே சிறுகோடு வைத்தால் 'இது முதல் இது வரை' என்பது பொருள். அவ்வரிசை யூனிகோடு எண்ணின் வரிசை. மெய்யெழுத்து அனைத்தையும் தேட விரும்பும் தமிழ் மாணவன், தான் கற்ற இலக்கணத்தை நம்பி [க-ன] என எழுதுவானாயின் க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ன என ஒன்பதே அகப்படும். அவற்றொடு வேண்டாத ஜகரமும் வரும். பகரம் முதலிய மற்றை ஒன்பதும் தேடலின் வெளியே நின்றுவிடும். பதினெட்டிற் சரிபாதி! இடையினத்தைக் கருதி [ய-ள] என எழுதினால் ய, ர, ற, ல, ள கிடைக்கும். வல்லினமாகிய றகரம் புகுந்து வகரமும் ழகரமும் விடுபடும். சொல்லடைவோ எழுத்து வருகைக் கணக்கோ இதன்மேல் எழுப்பப்பட்டதாயின் அதன் எண்கள் அனைத்தும் பொய்யாம். குறைவு தோன்றாத அளவிற்கு எண்கள் பெரியனவாக இருத்தலின் நாம் அதனை ஐயுறவும் மாட்டோம். உயிர் பன்னிரண்டும் மட்டும் அ முதல் ஔ வரை நம் முறையிலேயே நிற்பன. இந்த ஓரிடத்து மரபு பிழைத்தது.

அடுத்து, பெயரின் தொடக்கம் கொண்டு சுட்டும் முறை. 'மழை எனத் தொடங்குவன எல்லாம்' என்பது மிக இனிய சுருக்கம்; பகுதியைக் கொண்டு விகுதி பலவற்றையும் தழுவுதல் போன்றது. ஆயினும் மழை1 எனத் தொடங்குவன என்று கூறின், சனவரியோடு அக்டோபர், நவம்பர், திசம்பர் ஆகியவும் வரும். தேயிலை ஆய்விலும் இஃது உண்டு. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட உபாசி எனப்படும் தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கத்தின் ஆய்வுப் பிரிவு வெளியிட்ட தேயிலை இனங்களுக்கு உபாசி-3, உபாசி-9, உபாசி-17 என எண்ணே பெயர். ஒன்றாம் எண் இனத்தைத் தேடுவோன் தொடக்கத்தை மட்டும் கூறுவானாயின் பதினேழாம் எண் இனமும் உடன் வரும்.

பத்தித் தலைப்புகளைத் தமிழிலேயே எழுத ஆர் மொழி இடந்தருகின்றது. அங்கு வேறொரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஆறு வட்டங்களையும் தலைப்பாக வைத்து, 'க எனத் தொடங்குவன' என்று கேட்பின் குன்னூர், குந்தா, கூடலூர், கோத்தகிரி ஆகிய நான்கும் வரும். உயிர்மெய்யைப் பொறி மெய்வடிவும் உயிர்க்குறியுமாகப் பிரித்து வைத்திருத்தலின், நாம் ஓரெழுத்தாகக் கருதும் கு என்பது அதற்கு ஈரெழுத்து. இது நன்று, மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்ற நம் கொள்கைக்கு இயைந்ததே. ஆனால் ஓகாரக் குறியை இருவகையாற் பதிதல் கூடும்: ஒரே குறியாகவும் பதியலாம், ஏகாரக் குறியின் பின் கால் இட்டும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் கோத்தகிரியே. பொறிக்கு அவை வெவ்வேறு. இரண்டாம் வகையாற் பதிந்த கோத்தகிரி, 'கே எனத் தொடங்குவன' என்று கேத்தியைத் தேடுவோர்க்கும் அகப்படும். 'கோ எனத் தொடங்குவன' என்று முதல்வகையாற் பதிந்து தேடுவோர்க்கு அகப்படாது. பல கை பட்ட தரவுகளை ஒன்று சேர்க்கும்போது எல்லாத் தலைப்பையும் ஒரே பதிவு முறைக்கு மாற்றிக்கொண்ட பின்னரே தேடுதல் வேண்டும்.

இவற்றினும் கொடியதொன்று உண்டு. அதனை யாமும் ஒருகாற் செய்தோம் என ஒப்புக்கொள்ளுதலில் நாணம் இல்லை. எஸ்.ஏ.எஸ். மொழியில் சிறுகோடு தொகுப்புக் குறியாதலோடு கழித்தற் குறியும் ஆகும். கூட்டுத்தொகை காணும் செயலின் அடைப்பிற்குள் 'ஆஃப்' என்னும் சிறுசொல்லை முன்னிட்டு மழை10-மழை12 என எழுதினால் மூன்று திங்களின் மழை கூட்டப்படும். அச்சிறுசொல்லை விட்டுவிட்டால், பொறி அக்டோபர் மழையிலிருந்து திசம்பர் மழையைக் கழித்து, அவ்வொற்றை எண்ணின் கூட்டுத்தொகையை, அதாவது அந்த எண்ணையே, விடையாகத் தரும். பிழை என ஒன்றும் கூறாது. விளக்கத்திற்காக அக்டோபர் 300, நவம்பர் 900, திசம்பர் 100 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். மெய்யான தொகை 1,300; பொறி தருவது 200. மழையளவாகக் கொள்ளத்தக்க எண்ணே அது. எதிர்க்குறி பெற்று வந்திருப்பினேனும் நாம் விழித்திருப்போம்.

இவ்விடத்து நவம்பர் முழுதும் மறைந்துபோதலைக் கருதுக. 1993 நவம்பரில் குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலத்தருகே மலை சரிந்து உயிர்ச்சேதம் நேர்ந்தது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளிலும் உதகையைச் சுற்றியும் பெருமழையால் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். வடகிழக்குப் பருவத்தில் எவ்வளவு மழை பெய்யின் இச்சரிவுகள் நிலைகுலையும் என்பதை ஆராய்பவன், ஒரு சிறுசொல்லை மறந்த குற்றத்தால், அவ்விரண்டு ஆண்டுகளின் நவம்பரையும் தன் கணக்கினின்று நீக்கிவிட்டு, சரிவுக்கும் மழைக்கும் தொடர்பில்லை என முடிவு கூறுதலும் நிகழலாம். அவ்வாறு நிகழாமற் காக்க எளிய வழி, எண்ணிக்கைச் செயலையும் உடன் இயக்குதல்: எத்தனை மதிப்புகளைக் கூட்டினாய் எனப் பொறியையே வினவினால், மூன்று என்று வரவேண்டிய இடத்து ஒன்று என வரும்.

எண்ணிக்கை வினவுதலுக்கு மற்றுமொரு காரணம் உண்டு. மழைமானி பழுதுற்ற திங்கள் மழையற்ற திங்கள் அன்று. எஸ்.ஏ.எஸ். மொழியின் கூட்டற்செயல் இல்லாத மதிப்பை விட்டுவிட்டு உள்ளனவற்றை மட்டும் கூட்டும். கூட்டற்குறி இட்டு மழை10 + மழை11 + மழை12 என விரித்தெழுதினாலோ, ஒன்று இல்லையெனின் விடையும் இல்லை என்று கூறும். சுருக்கி எழுதியதற்கும் விரித்து எழுதியதற்கும் பொருள் ஒன்றே என நாம் எண்ணுகின்றோம், ஈண்டு அவ்வாறில்லை. ஆர் மொழியில் வரிசைக் கூட்டுத்தொகை, வேறு கூறாதவிடத்து, இல்லாமையை இல்லாமையாகவே காட்டும். எமது கருத்தில் ஆர் மொழியின் வழக்கே மழையாய்விற்கு ஏற்றது. பெருமழையின்போதே கருவிகள் பழுதுறுகின்றன ஆதலின்.

வகைபற்றிச் சுட்டுதலும் உண்டு. 'எண்ணாலாகிய மாறிகள் எல்லாம்', 'எழுத்தாலாகிய மாறிகள் எல்லாம்' என்று எஸ்.ஏ.எஸ். மொழியில் ஒரே சொல்லாற் கூறலாம். உயர்திணை, அஃறிணை எனப் பகுத்தல் போன்றது. ஆண்டும், வட்டத்தின் குறியெண்ணும், அஞ்சற் குறியெண்ணும் எண்ணால் எழுதப்பட்டிருப்பின் அவையும் முதல்வகையுட் சேர்ந்து, அவற்றிற்கும் சராசரி கண்டு தரப்படும். வடிவத்தால் எண்ணாயினும் பொருளாற் பெயராவன அவை. இதன்மேல் விரித்தல் வேண்டா.

நிரல்நிறை என்னும் பொருள்கோள் நம்மவர் நன்கறிந்தது: பெயர்கள் ஒரு வரிசையிலும் அவற்றின் பயனிலைகள் மற்றொரு வரிசையிலும் நிற்ப, முறையே கொண்டு கூட்டுதல். இலை1-இலை12 எனப் பசுங்கொழுந்தின் எடையையும், தூள்1-தூள்12 என ஆக்கிய தேயிலையின் எடையையும் இரு அணிகளாக நிறுத்தி, முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் வகுத்துச் செல்லுதல் இப்பொருள்கோளின் நேரொப்பு. ஏறத்தாழ நான்கு அல்லது நான்கரைக் கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தூள் பெறப்படும் ஆதலின், விடை அவ்வளவை ஒட்டி வருதல் வேண்டும். ஓர் அணி எண் வரிசையிலும் மற்றையது எழுத்து வரிசையிலும் நின்றால், பிப்ரவரிக் கொழுந்தை அக்டோபர்த் தூளோடு வகுக்க நேரும். செய்யுளிற் பொருள் இயையாவிடத்துக் கற்போன் முறையை மாற்றி எதிர் நிரல்நிறையாகவேனும் கொண்டு பார்ப்பான், பொறி பாராது. திங்கள்தோறும் விகிதம் தாறுமாறாக வருதலே நமக்குக் கிடைக்கும் ஒரே குறிப்பு.

தேயிலை விற்பனையில் இவ்வெண் வழக்கு இன்னும் நீண்டது. குன்னூரில் 1963 முதல் நடைபெறும் தேயிலை ஏலத்தில், வாரந்தோறும் ஓர் ஏலம் என, விற்பனைகளை அவ்வாண்டின் வரிசையெண்ணாற் சுட்டுவர். விலை1 முதல் விலை52 வரை எனப் பத்திகள் அமைந்தால் மேற்கூறிய குற்றம் அனைத்தும் ஐம்பத்திரண்டு மடங்கு வாய்ப்போடு காத்திருக்கும்.

எண்ணாற் சுட்டும் வழக்கம் இம்மலையாய்விற்குப் புதிதன்று. 1901-02இல் தோடரிடையே தங்கி ஆராய்ந்து 1906இல் தம் பெருநூலை வெளியிட்ட ரிவர்சு, தோடர் குடிவழிகளை 72 அட்டவணைகளாக வரைந்து நூலின் இறுதியில் வைத்தார். நூலினுள் ஒருவர் பெயர் வருமிடத்து அதன் பின் அடைப்பிற்குள் அட்டவணையின் எண்ணை இட்டார். ஒரு பெயர் இருவர்க்கு வரினும் எண் அவர்களைப் பிரித்துக் காட்டும்; ஒரு குடும்பத்தைச் சுட்டுதற்கு ஓர் எண்ணே போதும். தோடரிடையே தம் பெயரைத் தாமே கூறுதலும், இறந்த உறவினர் பெயரைக் கூறுதலும் விலக்கப்பட்டிருந்தன ஆதலின், ஒருவர் பெயரைப் பிறர் வாயிலாகவே அவர் திரட்ட வேண்டியிருந்தது. அவருடைய எண்கள் அட்டவணையின் பெயர்கள். அவை கிடக்கும் இடத்தைப் பொறுத்தன அல்ல. அந்நூலின் தாள்கள் முறைமாறிக் கட்டப்பெறினும் 'அட்டவணை 7' என்பது அதே குடியைக் குறிக்கும். நம் மழையட்டவணையும் 72 பத்தி உடையதாதல் தற்செயல். ஆயினும் அதற்குப் பெயரிடுங்கால் அவர் வழியையே யாம் பின்பற்றினோம். வட்டம் முன்னும் ஈரிலக்கத் திங்கள் பின்னுமாக, இடையே ஓர் அடிக்கோடு இட்டு, குன்னூர்_01 முதல் குன்னூர்_12 வரை என்பது போல அமைத்தோம். அடிக்கோட்டோடு சேர்த்துத் தொடக்கம் கூறப்படுதலின், பிற்காலத்தில் குன்னூரின் உட்பிரிவு ஒன்று தனிப் பத்தியாக வரினும் கலப்பு நேராது.

கணக்கிடத் தொடங்கும் முன், சுருங்கச் சுட்டிய தொடர் எந்தெந்த மாறிகளாக விரிகின்றது என்பதைப் பொறியைக்கொண்டே பட்டியலிட்டுப் படித்துப் பார்க்கலாம். ஆர் மொழியில், தெரிவு செய்த பத்திகளின் பெயரை மட்டும் கேட்பின் அவை திரையில் வரிசையாக வரும். ஸ்டேட்டாவில் 'டிஸ்கிரைப்' என்னும் கட்டளையும் எஸ்.ஏ.எஸ். மொழியில் உள்ளடக்கம் காட்டும் செயல்முறையும் அப்பணி செய்வன. நன்னூலார் தொகுத்துச் சுட்டலை அடுத்தே வகுத்துக் காட்டலை வைத்தார். எமது அட்டவணையில் முதன்முறை அவ்வாறு விரித்தபோது பன்னிரண்டு பெயர் வரவேண்டிய கோத்தகிரிக்குப் பதினொன்றே வந்தன; விடுபட்ட ஒன்று, ஏகாரக் குறியும் காலுமாகப் பதியப்பெற்ற ஏழாம் திங்கள்.